அப்பா விமானப்படையில் இருந்தாராம்: தேடிப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து:

எங்கள் ஊரில் அப்பாவை அருவங்காடு கார்டைட் (வெடிமருந்து) ஃபேக்டரிக்காரர் என்றுதான் தெரியும். அதற்கு முன்னால் விமானப்படையில் இருந்தார், இரண்டாம் உலகப்போரில் பர்மா வரைக்கும் போய்வந்தார் என்பதெல்லாம் வீட்டு வாசலைத் தாண்டாத சேதி. நாங்களே கேட்டாலும், "மஞ்ச மாத்திரை முழுங்கினோம், குழி வெட்டினோம், மழையில நனஞ்சோம்" என்பதோடு சரி. மலேரியாவுக்குத் தினமும் கொடுத்த மெபாக்ரின்தான் அந்த மஞ்சள் மாத்திரை. தொடர்ந்து சாப்பிட்டால் தோலே மஞ்சளாகிவிடுமாம். அவர் இருந்தவரை யாரும் துருவிக் கேட்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து பீரோவைக் காலி செய்தபோதுதான் தேட வேண்டும் என்று தோன்றியது.

கையில் கிடைத்தது கொஞ்சம் மெடல், ஒரு போட்டோ, பூச்சி அரித்த ஒரு காகிதம். அவ்வளவுதான்.

முதலில் மெடல். ஆறு முனை நட்சத்திரம், அதன் ரிப்பனில் நடுவே அகலமான சிவப்புப் பட்டை, இரு பக்கமும் கருநீலம், அதற்குள் ஆரஞ்சுக் கோடு: இது பர்மா ஸ்டார். இது வீட்டில் இருந்தால் ஆள் அந்தப் போர்முனையில் இருந்திருக்கிறார் என்று நம்பலாம். நான் சொல்ல வந்தது வட்டமான வார் மெடலைப் பற்றி. அதன் விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் படையினருக்கு அந்த மெடல்களைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்கு எண்ணும் பெயரும் பொறித்துக் கொடுத்தார்கள். எங்கள் அம்மா ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை விபூதி போட்டுத் தேய்த்ததில் பெயர் மழுங்கிப் போயிருந்தது. எண் மட்டும் தப்பியது. அந்த எண் இல்லையென்றால் ஓர் அடி நகர்ந்திருக்க முடியாது.

அடுத்தது போட்டோ. ஒரு விமானத்தின் முன்னால் நான்கு பேர், அரை டிரவுசர், சட்டை இல்லை. அப்பா இடது ஓரம். சிறகிலிருந்து ஆளுயரத்துக்கு மேலே இரண்டு குழாய்கள் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை 20 மில்லிமீட்டர் பீரங்கிகள். ஹரிக்கேன் என்ற போர்விமானத்தின் 2சி வகையில் சிறகுக்கு இரண்டாக நான்கு இருக்கும். விமானத்தின் பக்கவாட்டில் உள்ள வட்டச் சின்னத்தில் நடுப்புள்ளி வெளிறித் தெரிகிறது. பிரிட்டிஷ் சின்னத்தில் நடுவில் சிவப்புதானே இருக்க வேண்டும்? ஜப்பான் விமானங்களின் சிவப்புச் சூரியன் என்று நினைத்து நம் ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, இந்த வட்டாரத்தில் சிவப்பை எடுத்துவிட்டு இளநீலமும் கருநீலமுமாக மாற்றிவிட்டார்கள். ஆகவே போட்டோ நம் பக்கத்தில் எடுத்தது, அதுவும் போரின் பிற்பாதியில் எடுத்தது.

பூச்சி அரித்த காகிதத்தில் மிஞ்சியிருந்தது 'ஆர்.ஐ.ஏ.எஃப்' (ராயல் இந்தியன் ஏர் ஃபோர்ஸ்) என்ற முத்திரை மட்டும். 'ராயல்' என்ற அடைமொழி இந்திய விமானப்படைக்கு 1945 மார்ச்சில் கிடைத்தது, 1950இல் குடியரசானதும் போய்விட்டது. அப்படியானால் காகிதம் அந்த ஐந்து வருஷத்துக்குள் எழுதியது.

எந்த ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) என்பது ஊட்டியில்தான் தெரிந்தது. அப்பாவுக்கு உலகப்போர் வீரர் என்ற முறையில் மாநில அரசின் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. அதற்கு விண்ணப்பித்தபோது அப்பாவே கொடுத்த டிஸ்சார்ஜ் சான்றிதழின் நகல் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக் கோப்பில் பத்திரமாக இருந்தது! வீட்டில் இல்லாதது அங்கே இருந்தது. வேலை ஆர்மரர், அதாவது விமானத்தின் துப்பாக்கி, குண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர். ஸ்குவாட்ரன் எண் 7.

அதற்கப்புறம் படிக்க நிறைய இருந்தது. 7ஆம் ஸ்குவாட்ரன் முதலில் வெஞ்சன்ஸ் என்ற அமெரிக்க டைவ் பாம்பரை (பாய்ந்து இறங்கிக் குண்டு போடும் விமானத்தை) ஓட்டியது. 1944 கடைசியில் ஹரிக்கேனுக்கு மாறியது. 1945இல் பர்மாவில் ஐராவதி நதிப் பக்கம் சிந்தே என்ற இடத்தில் இருந்துகொண்டு, மெய்க்டிலா நகரை நோக்கி நகர்ந்த படைக்காக வேவு பார்த்தது. தலைவர் பி.சி.லால். 1971 போரின்போது விமானப்படைத் தளபதியாக இருந்தாரே, அவரேதான்.

லண்டனில் இருக்கும் சித்தப்பா மகள் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய், அந்தக் காலத்து ஸ்குவாட்ரன் பதிவேட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினாள். அதில் இரண்டு வகைத் தாள்கள். 540 என்ற படிவம் அன்றாட நடப்பு. 541 என்ற படிவம் பறந்த கணக்கு: விமான எண், ஓட்டியவர் பெயர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், போன காரியம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடினேன். அப்பா பெயர் எங்கேயும் இல்லை. ஓட்டியவன் பெயரைத்தான் எழுதுவார்கள். தோட்டா ஏற்றியவன் பெயரை எழுத மாட்டார்கள். கொஞ்சம் எரிச்சல்தான்.

அப்புறம் நேரக் கணக்கை மட்டும் தனியாக எழுதிப் பார்த்தேன். விடியும்போதே ஒரு ஜோடி கிளம்பியிருக்கிறது. அது இறங்குவதற்குள் அடுத்த ஜோடி, இருட்டும்வரை இப்படியே. இறங்கிய ஒவ்வொன்றுக்கும் பீரங்கியைத் துடைத்து, தோட்டா பெல்ட்டை மாற்றி, அடுத்த நடைக்குத் தயாராக்கியது அப்பா மாதிரி ஆட்கள். இறங்கிய நேரத்துக்கும் மறுபடி கிளம்பிய நேரத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி முழுக்க அவர்கள் வேலைதான். தரைப் பணியாளர்களின் பிள்ளைகள் பதிவேட்டை இப்படித்தான் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

குன்னூரிலிருந்து:

அண்ணா சொன்னதற்கு நேர்மாறு எங்கள் வீட்டில். அப்பா வெஞ்சன்ஸில் பின் சீட்டு. வயர்லெஸும் துப்பாக்கியும் அவர் பொறுப்பு. 8ஆம் ஸ்குவாட்ரன், 1943 டிசம்பரிலிருந்து பர்மாவின் அரக்கான் பக்கம். பறந்தவர் என்பதால் பெயர் வருகிறது, ஆனால் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டல். தாத்தா பெயரை இனிஷியலாகப் போட்ட தாள் ஒன்று, ஹட்டி (எங்கள் ஊர்) பெயரைப் போட்ட தாள் ஒன்று, இரண்டும் இல்லாமல் வெறும் பெயர் ஒன்று. கம்ப்யூட்டரில் ஒரே பெயரைத் தட்டிவிட்டு 'இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். எண்ணை வைத்துத் தேடுங்கள்.

இன்னொன்று. அந்த விமானம் கிட்டத்தட்டச் செங்குத்தாகத் தலைகீழாக இறங்கிக் குண்டு போடும். பின் சீட்டுக்காரர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். தரை வருவது அவருக்குத் தெரியாது, வானம்தான் தெரியும். பர்லியார் மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் அப்பா ஏன் எப்போதும் முன் சீட்டுக்கே அடம்பிடித்தார் என்று இப்போது அம்மா சிரிக்கிறார்.

வெலிங்டனிலிருந்து:

நான் ராணுவ அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தேட ஆரம்பிக்கிறவர்கள் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், தம்பி: உங்கள் அப்பா இருந்தது இந்திய விமானப்படையா, பிரிட்டிஷ் ராயல் ஏர் ஃபோர்ஸா? 1932இல் ஆரம்பித்ததிலிருந்தே இரண்டும் தனித்தனி. பிரிட்டிஷ் படையின் தனிநபர் பதிவுகளை 2022இலிருந்து அவர்களுடைய பாதுகாப்பு அமைச்சகம் கியூவுக்கு மாற்றி வருகிறது. இந்திய விமானப்படையின் ஏர்மென் (அதிகாரி அல்லாதவர்கள்) பதிவுகளுக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள ஆவண அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். லண்டனுக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து வருஷத்தை ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். எண், டிரேடு (படையில் செய்த வேலை), சேர்ந்த ஊர், வாரிசுச் சான்று, இறப்புச் சான்று எல்லாம் முதல் கடிதத்திலேயே வையுங்கள். அதிகாரியாக இருந்தவர் என்றால் கெஜட்டில் பெயர் வந்திருக்கும். பாரத் ரக்ஷக் இணையதளத்திலும் பழைய அதிகாரிகளின் பட்டியல் இருக்கிறது.

ஊட்டியிலிருந்து:

எங்கள் அப்பா போனது போர் முடிந்த பிறகு, அதனால் இங்கே சொல்லலாமா என்று யோசித்தேன். 4ஆம் ஸ்குவாட்ரன், 1946, ஜப்பான். தோற்ற நாட்டைக் காவல் காக்கப் போன காமன்வெல்த் படையில் நம் விமானப்படையிலிருந்து போன ஸ்குவாட்ரன் அது. ஸ்பிட்ஃபயர் போர்விமானங்களோடு 'வெஞ்சன்ஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலில் போய் இவகுனியில் இறங்கி, அப்புறம் மிஹோவுக்கு மாறினார்கள். (கப்பலுக்கும் மேலே சொன்ன விமானத்துக்கும் ஒரே பெயர். அதனால் நான் வெகுநாள் அப்பா டைவ் பாம்பரில் இருந்தார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.)

இவகுனியிலிருந்து ஹிரோஷிமா கிட்டத்தான். அப்பா ஒரு லீவு நாளில் ரயிலில் போய்ப் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். "ஸ்டேஷன்ல ஒரு பாட்டி பொட்டலம் விரிச்சு உக்காந்து வித்துக்கிட்டிருந்தா. என்ன வித்தான்னு பாக்கல. அந்த இடத்துல கடை போட்டிருக்காளேன்னுதான் பாத்தேன்" என்றார். எந்தப் பதிவேட்டிலும் இது கிடைக்காது. உயிரோடு இருப்பவர்களிடம் இப்போதே கேட்டு ரெக்கார்டு பண்ணிவிடுங்கள். அந்தத் தலைமுறையில் மிச்சம் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், நூறு வயதை ஒட்டி இருப்பார்கள்.

கோத்தகிரியிலிருந்து, மறுபடியும்:

வெலிங்டன் ஐயாவுக்கு நன்றி, டெல்லிக்கு எழுதிவிடுகிறேன். என் போட்டோவில் அப்பாவைத் தவிர மூன்று பேர். ஒருவருக்கு இடது கையில் பச்சை குத்தியிருக்கிறது, ஒருவர் கழுத்தில் சிலுவை, நடுவில் நிற்பவர் எல்லோரையும்விட ஒரு தலை உயரம். 7ஆம் ஸ்குவாட்ரனில் ஆர்மரராக இருந்தவர் உங்கள் வீட்டுப் பெரியவர் என்றால் சொல்லுங்கள், படத்தை அனுப்புகிறேன்.