ஆர்எஃப்ஏ (லிவர் கேன்சர் கட்டிக்குள்ள ஊசி விட்டு சூட்டால கருக்குறது) பண்ணி 9 மாசம் கழிச்சு விலாகிட்ட கட்டி, யாருக்காவது வந்திருக்கா?

நெல்லைப்பொண்ணு:
அப்பாவுக்கு 61 வயசு, ஹெபடைடிஸ் பி இருந்து சிரோசிஸ் (லிவர் தழும்பாகி இறுகிப்போறது) ஆயிடுச்சு. போன வருஷம் லிவர் ஓரத்துல, மேல்சவ்வை ஒட்டி 2.6 செமீல ஒரே ஒரு கேன்சர் கட்டி, ஆபரேஷன் தாங்கமாட்டார்னு ஆர்எஃப்ஏ பண்ணாங்க. அடுத்த மாச சிடில முழுசா கருகிடுச்சுன்னாங்க, நாங்களும் குலசாமிக்கு பொங்கல் வச்சிட்டு நிம்மதியா இருந்தோம். இப்ப வலது விலாகிட்ட நெல்லிக்காய் சைஸ்ல தட்டுப்படுதுங்கார், வலி இல்ல, ஊசி போட்ட தழும்புக்கு நேர் கீழ. ஏஎஃப்பி (லிவர் கேன்சருக்குப் பாக்குற ரத்த டெஸ்ட்) நார்மல். பக்கத்து டாக்டர் கொழுப்புக்கட்டியாத்தான் இருக்கும்னுட்டார். விடலாமா?

வேம்பு72:
கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுங்க, எங்க மாமாவுக்கு கேட்டுச்சு.

ஸ்கேன்ரூம்:
வேம்பு அண்ணே, உங்க மாமாவுக்கு இருந்தது மஞ்சக்காமாலை, இது வேற.
நெல்லைப்பொண்ணு, விடாதீங்கம்மா. கொழுப்புக்கட்டியாவும் இருக்கலாம், ஆனா தழும்புக்கு நேர் கீழன்னு சொல்றீங்களே அதுதான் உறுத்துது. ஊசி வெளிய வர்றப்போ கட்டியோட செல் ஒண்ணு ரெண்டு அந்தப் பாதையில ஒட்டிக்கிட்டு சதையில முளைக்கும், நீடில் ட்ராக்ட் சீடிங்னு பேரு. 2001ல பார்சிலோனாக்காரங்க 32 பேர்ல 4 பேருக்கு வந்ததா எழுதி பெரிய பரபரப்பாச்சு, அப்புறம் வந்த ரிப்போர்ட்டுங்கள்ல இதைவிட ரொம்பக் கம்மி, ஏன்னா இப்ப ஊசியை உருவும்போதே பாதையையும் சுட்டுக்கிட்டே வருவாங்க. ஆனா அப்பாவுக்கு மாதிரி கட்டி லிவர் மேல்சவ்வை ஒட்டி இருந்தா ரிஸ்க் கூடத்தான். ஏஎஃப்பி நார்மல்னு ஏமாறாதீங்க, பல பேருக்கு அது ஏறவே ஏறாது. முதல்ல ஏறியிருந்துச்சா?

நெல்லைப்பொண்ணு:
இல்லண்ணா, அப்பவும் 6 தான். ஆர்எஃப்ஏவுக்கு முன்ன ஊசி விட்டு கட்டியில துளி சதை எடுத்து பயாப்ஸியும் பண்ணாங்க.

ஸ்கேன்ரூம்:
அப்ப ஏஎஃப்பியை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பயாப்ஸின்னா ஊசி ரெண்டு தடவை போயிருக்கு. ட்ரிப்பிள் ஃபேஸ் சிடி (ஊசியில மருந்து ஏத்தி மூணு கட்டமா எடுக்குற ஸ்கேன்) எடுக்கச் சொல்லுங்க, விலாப்பக்கமும் நெஞ்சும் சேர்த்து, லிவர்ல புதுசா ஏதும் இருக்கான்னும் தெரிஞ்சிடும்.

திருச்சி_சேகர்:
எங்க அண்ணிக்கு இதேதான் வந்துச்சு தங்கச்சி. லிவர் க்ளீனா இருந்ததால விலாச்சதையோட சேர்த்து வெட்டி எடுத்துட்டாங்க, ரெண்டு வருஷமாச்சு, சமையல் எல்லாம் அவங்கதான். லிவர்லயும் இருந்திருந்தா மருந்துப் பக்கம் போயிருப்போம்னாங்க. ஒண்ணு, அங்கங்க அலையாம ஆர்எஃப்ஏ பண்ண இடத்துலயே ப்ரொசீஜர் நோட் வாங்கிக்கோங்க, ஊசி எந்தப் பக்கமா போச்சுன்னு அதுல இருக்கும். ஹெபடைடிஸ் மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க.

நெல்லைப்பொண்ணு:
நோட் கேட்டாச்சு, நாளைக்கு தர்றாங்களாம். திங்கக்கிழமை சிடி. அப்பாகிட்ட இன்னும் கொழுப்புக்கட்டின்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.