எந்த சேனல் வரவில்லை, எப்போது வரவில்லை? இலவச சேனல் டிஷ் அனுபவங்கள்

டிஷ்பித்தன்:

இலவச சேனல்களுக்காக டிஷ் வைத்தவர்கள் பலரும் "சிக்னல் சரியில்லை, எத்தனை அடி டிஷ் வாங்கலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். டிஷ்ஷை மாற்றுவது இருக்கட்டும். முதலில் எந்தெந்த சேனல் வரவில்லை, எந்த நேரத்தில் வரவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் கோளாறு அந்தத் தாளிலேயே பிடிபட்டுவிடும். அப்படிப் பிடித்த அனுபவம் இருந்தால் இங்கே பகிருங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

நண்பர் ஒருவர் வீட்டில் கேயு பேண்ட் (சின்ன டிஷ்ஷிலேயே பிடிக்கும் உயர் அலைவரிசை) டிஷ். பிளைண்ட் ஸ்கேன் (ரிசீவரே எல்லா அலைவரிசையையும் தேடுவது) போட்டால் பட்டியல் நீளமாக வருகிறது, ஆனால் ஒரே சேனல் இரண்டு இடத்தில் நிற்கிறது. எதிர்பார்த்த சில சேனல்களோ அடியோடு இல்லை. இரட்டையாக வந்த ஒன்றின் அலைவரிசையைப் பார்த்தேன். ஓரிடத்தில் 12,450, இன்னோரிடத்தில் 11,600. வித்தியாசம் 850 மெகாஹெர்ட்ஸ். அடுத்த ஜோடியைப் பார்த்தால் அதிலும் அதே 850!

எல்என்பி என்பது டிஷ்ஷின் முன்னால் நிற்கும் தலை. வானிலிருந்து வரும் அலைவரிசையில் தன் எல்.ஓ. (லோக்கல் ஆசிலேட்டர்) அலைவரிசையைக் கழித்து, மீதியைத்தான் அது கேபிளில் அனுப்பும். ரிசீவர் அந்த எல்.ஓ.வைத் திரும்பக் கூட்டிக் கணக்குப் போடும். யுனிவர்சல் எல்என்பிக்குள் 9750, 10600 என்று இரண்டு எல்.ஓ. உண்டு. ரிசீவர் 22 கிலோஹெர்ட்ஸ் டோன் அனுப்பினால் 10600, அனுப்பாவிட்டால் 9750. இரண்டுக்கும் இடைவெளி சரியாக 850. நண்பர் வீட்டில் இருந்ததோ 10600 மட்டும் உள்ள ஒற்றை எல்.ஓ. எல்என்பி. அதற்கு டோன் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். ரிசீவரில் மட்டும் 'யுனிவர்சல்' என்று வைத்திருந்தார்கள். அது டோனை நிறுத்திவிட்டு, எல்என்பி 9750-க்கு மாறிவிட்டது என்று நம்பிக் கணக்குப் போடுகிறது. ஏற்கெனவே வந்த சேனலே பொய் அலைவரிசையில் இன்னொரு முறை பதிவாகிறது.

மெனுவில் எல்.ஓ.வை 10600 என்று மாற்றியதும் இரட்டை வேஷம் கலைந்தது. விட்டுப்போன சேனல்கள் 11,550-க்குக் கீழே இருந்தவை. 10600-ஐக் கழித்த மீதி 950-க்கு மேல் இருந்தால்தான் ரிசீவர் கேட்கும் என்பதால் அந்த எல்என்பியை வைத்துக்கொண்டு அவற்றைப் பிடிக்கவே முடியாது. யுனிவர்சல் எல்என்பி மாட்டி, மெனுவையும் மறுபடி 'யுனிவர்சல்' ஆக்கினோம், வந்துவிட்டன. அவர் பெரிய டிஷ் வாங்கும் யோசனையில் இருந்தார்! எல்என்பியின் உடம்பிலேயே எல்.ஓ. என்ன என்று அச்சடித்திருப்பார்கள், அதைப் படித்துவிட்டு மெனுவுக்குப் போங்கள். சி பேண்ட் (பெரிய டிஷ் கேட்கும் தாழ் அலைவரிசை) என்றால் பெரும்பாலும் 5150.

கம்பியாளி:

நல்ல இழை அண்ணே. என் பங்குக்கு ஒன்று.

உறவினர் வீட்டில் வெர்ட்டிகல் (அலை நெட்டாக அசைந்து வரும்) சேனல்கள் எல்லாம் பளிச்சென்று வருகின்றன, ஹாரிசாண்டல் (கிடையாக அசைந்து வருவது) ஒன்றுகூட இல்லை. எல்என்பி போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக ஒன்று மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்போதும் அதே கதை.

எல்லோருக்கும் தெரிந்ததுதான், ரிசீவர் 13 வோல்ட் கொடுத்தால் வெர்ட்டிகல், 18 கொடுத்தால் ஹாரிசாண்டல். வெர்ட்டிகல் மட்டும் வருகிறது என்றால் 18 மேலே போய்ச் சேரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு மேலே போனேன். கேபிளை எல்என்பியிலிருந்து கழற்றி அளந்தால் கிட்டத்தட்ட முழு 18 காட்டுகிறது. இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். எல்என்பி மின்சாரம் இழுக்காதபோது கேபிளில் இழப்பே தெரியாது. எல்என்பியை மாட்டி, ஓடவிட்டு, அந்த நிலையில் அளக்க வேண்டும். நடுவில் ஒரு டி-கனெக்டர் வைத்து அளந்தேன். 14-க்குச் சற்று மேலேதான் இருந்தது. எல்என்பி அதை வெர்ட்டிகல் கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறது.

கேபிளைத் தொடர்ந்து வந்தால் பாதி வழியில் கம்பியை முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு ஒன்று. உள்ளே பச்சைக் களிம்பு. உள்கம்பியில் காந்தத்தை வைத்தேன், ஒட்டிக்கொண்டது. அதாவது செம்பு பூசிய இரும்பு. சிக்னலுக்கு அதனால் பெரிய பாதகமில்லை, உயர் அலைவரிசை மேல்தோலிலேயே ஓடிவிடும். ஆனால் மின்சாரம் கம்பி முழுக்க ஓட வேண்டியது, அதற்கு இரும்பு தடை. நீளமான கேபிள் இழுக்கிறவர்கள் முழுச் செம்பு ஆர்ஜி-6 போடுங்கள், நடுவில் ஒட்டு வேண்டாம். வெளியே இருக்கும் எஃப் கனெக்டருக்கு ரப்பர் டேப் சுற்றி, அதற்கு முன்னால் கேபிளைக் கொஞ்சம் தொங்கலாக வளைத்து விடுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும்.

பழைய பெட்டி:

என்னுடையது சின்னது. ஒரு டிரான்ஸ்பாண்டரில் (செயற்கைக்கோளிலிருந்து சேனல்களைச் சுமந்து வரும் ஓர் அலைவரிசைத் தடம்) மட்டும் குவாலிட்டி 0, பக்கத்தில் இருப்பதெல்லாம் 70, 80. டிஷ்ஷில் கைவைக்கவே இல்லை. அது டிவிபி-எஸ்2 என்ற புதிய ஒளிபரப்பு முறை, என் பெட்டி பழைய டிவிபி-எஸ் மட்டும் தெரிந்த காலத்துப் பெட்டி. அவ்வளவுதான் விஷயம். சத்தம் வந்து படம் வராமல் இருந்தால் அது வேறு: படம் ஹெச்இவிசி என்ற புதிய சுருக்க முறையில் வந்திருக்கும், பெட்டிக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. எந்த எல்என்பி போட்டாலும் தீராது.

வெயில்நேரம்:

எனக்கு நேரம்தான் துப்புக் கொடுத்தது. சிம்பல் ரேட் (நொடிக்கு எத்தனை ஆயிரம் குறியீடு என்ற வேகம்) 2,000 சுற்றி உள்ள சில சின்ன சேனல்கள் ராத்திரியில் நன்றாக வரும். உச்சிவெயிலில் காணாமல் போகும். 27,500 போன்ற பெரிய டிரான்ஸ்பாண்டர்களுக்கு எந்த நேரமும் பிரச்சினை இல்லை. டிஷ் நகர்ந்திருந்தால் எல்லாமே சேர்ந்து குறைய வேண்டாமா?

சூட்டில் எல்என்பியின் எல்.ஓ. ஓரிரு மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடுகிறது. அகலமான டிரான்ஸ்பாண்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 2,000 என்பது மொத்தமே ஏறக்குறைய இரண்டரை மெகாஹெர்ட்ஸ் அகலம், அது கையை விட்டே போய்விடும். பகலில் அலைவரிசையை ஒன்று ஏற்றி, ஒன்று இறக்கிக் கையால் கொடுத்துப் பார்த்தேன், சேனல் திரும்ப வந்தது. பிறகு எல்.ஓ.வை நகரவிடாமல் பூட்டி வைக்கும் பிஎல்எல் வகை எல்என்பி மாட்டினேன். இப்போது மதியத்திலும் நிற்கிறது.

மொட்டைமாடி:

எல்லாம் சரி. ஆனால் எல்லாக் கோளாறும் செட்டிங்கில்தான் என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். செயற்கைக்கோளின் கற்றை விழும் எல்லையின் ஓரத்தில் இருக்கிறவர் எந்த மெனுவை மாற்றினாலும் ஒன்றும் ஆகாது, டிஷ்தான் பெரிதாக வேண்டும். லேசான தூறலுக்கே படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்றால் கையிருப்பில் சிக்னல் இல்லை என்று அர்த்தம்.

பெரிய டிஷ்ஷுக்கும் ஒரு விலை உண்டு. 60 செ.மீ. டிஷ் கேயு பேண்டில் சுமார் 3 டிகிரி அகலத்துக்குப் பார்க்கிறது, 120 செ.மீ. அதில் பாதிதான். சின்ன டிஷ்ஷைக் கண்ணை மூடித் திருப்பினாலும் ஏதாவது மாட்டும். பெரியதில் மயிரிழை தப்பினால் ஒன்றும் இருக்காது. செயற்கைக்கோள் இருப்பது ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் தூரத்தில், இங்கே ஒரு டிகிரி என்பது அங்கே 600 கிலோமீட்டருக்கும் மேல்.

மரம் மறைக்கிறதா என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு வழி. மார்ச்சிலும் செப்டம்பர்–அக்டோபரிலும் சில நாட்கள் சூரியன் நேராகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து சில நிமிடம் சிக்னலைக் கெடுக்கும். அந்த நிமிடத்தில் டிஷ்ஷைப் பாருங்கள். அதன் மேல் கிளையின் நிழல் விழுந்தால் மரம்தான் குற்றவாளி.

புதுசு:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையதில் ஸ்ட்ரெந்த் 80 காட்டுகிறது, குவாலிட்டி 0. டிஷ் சரியாகத்தானே இருக்கிறது?

டிஷ்பித்தன்:

இல்லை நண்பரே. ஸ்ட்ரெந்த் பட்டையை மறந்துவிடுங்கள். எல்என்பியைக் கழற்றித் தரையைப் பார்க்க வைத்தாலும் அது காட்டும். கேபிளும் எல்என்பியும் உயிரோடு இருக்கின்றன என்பதற்குமேல் அதற்கு அர்த்தமில்லை. நிச்சயமாக ஓடுகிற ஒரு டிரான்ஸ்பாண்டரின் அலைவரிசை, சிம்பல் ரேட், போலரைசேஷன் (வெர்ட்டிகலா, ஹாரிசாண்டலா) மூன்றையும் கையால் கொடுத்து, குவாலிட்டியைப் பார்த்தபடி மெதுவாகத் திருப்புங்கள். ரிசீவர் பிடித்துக்கொள்ள ஓரிரு நொடி எடுக்கும், நகர்த்தியதும் கொஞ்சம் நில்லுங்கள். திசை காட்டியை இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஊசி கம்பத்தைத்தான் காட்டும். ஆஃப்செட் டிஷ் (எல்என்பி நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி நிற்கும் வகை) என்றால் நினைப்பதைவிட நிமிர்ந்தே நிற்கும். செயற்கைக்கோளை நேராகப் பார்க்கவில்லையே என்று மேலும் சாய்க்க வேண்டாம், அது பார்க்கும் கோணம் தட்டின் முகத்தைவிட 20 டிகிரிக்கும் மேல் உயரத்தில் இருக்கும்.

குவாலிட்டி வந்த பிறகு எல்என்பியை அதன் பிடிக்குள்ளேயே இடமும் வலமும் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். கடைசிச் சில புள்ளிகள் அதில்தான் ஏறும்.

உங்களுடையது சி பேண்டா? நேற்றுவரை வந்து திடீரென்று இப்படி ஆகியிருந்தால் அருகில் 5ஜி கோபுரம் ஏதும் புதிதாக வந்ததா என்றும் சொல்லுங்கள். அப்படியென்றால் டிஷ்ஷைத் திருப்பிப் பயனில்லை, எல்என்பிக்கு முன்னால் ஃபில்டர் போட வேண்டியிருக்கும்.