வெளியிலிருந்து சர்வரின் அட்மின் பேனலைத் திறப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. வீட்டுச் சர்வரில் பிராக்ஸ்மாக்ஸ் (மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருள்) ஓடுகிறது. வீட்டு வைஃபையில் 192.168.1.50:8006 என்று அடித்தால் அட்மின் பேனல் உடனே வருகிறது. வெளியே மொபைல் டேட்டாவில் முயன்றால் சுற்றிக்கொண்டே இருந்து டைம் அவுட் ஆகிறது. ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வரும் இணைப்பைச் சர்வருக்குத் திருப்பிவிடுவது) செய்தும் பலனில்லை. அப்புறம்தான் கவனித்தேன், ரௌட்டரின் வான் (WAN, அதாவது இணையப் பக்க) முகவரி 100.72 என்று தொடங்குகிறது. 100.64 முதல் 100.127 வரை சிஜிநாட்டுக்கு (CGNAT, பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிரும் முறை) ஒதுக்கியது என்பதால், எனக்கெனத் தனிப் பொது ஐபி இல்லை என்று புரிகிறது.

பேனலை இணையத்தில் அப்படியே திறந்துவிடவும் பயமாக இருக்கிறது. ரூட் கடவுச்சொல்லை யார் வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம். வயர்கார்டு என்ற விபிஎன்தான் சரி என்று நினைக்கிறேன். அதற்கு நடுவில் பொது ஐபி உள்ள விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) கட்டாயமா, அல்லது டெயில்ஸ்கேல் (வயர்கார்டை வைத்தே இயங்கும் விபிஎன் சேவை) போதுமா? பயன்படுத்துபவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.