எட்டுப் பேர் வந்து ‘நான்தான்’ எண்டால்

குழுமம்: மேற்கு ஒழுங்கை, யாழ்ப்பாணம்

ரதி அக்கா, 7:14
‘சுழல்’ வெப் தொடரின்ர ரெண்டாம் பாகம் பாக்காதவை இதோட நிப்பாட்டுங்கோ, கதை உடையப் போகுது. தொடக்கம் நல்ல இறுக்கம். நடுவில தொய்ஞ்சு போச்சு.

தர்சன், 7:16
ஏன் தொய்ஞ்சது எண்டு சொல்லுங்கோ அக்கா. நாங்கள் எழுதுறதும் துப்பறியிற கதைதான். ஆறு எபிசோட், ஒண்டு 20 நிமிசம், யூரியூப்புக்கு.

ரதி அக்கா, 7:19
வக்கீல் செல்லப்பா பூட்டின வீட்டுக்குள்ள செத்துக் கிடக்கிறார். எட்டுப் பெட்டையள் தனித்தனியா வந்து ‘நான்தான் கொண்டனான்’ எண்டு சொல்லினம். தொடக்கத்துக்கு இதைவிட நல்ல முடிச்சு வேண்டாம். ஆனா எட்டுப் பேர் எண்டால் எட்டுக் குரல் வேணும். கண்ணை மூடிக்கொண்டு வசனத்தை மட்டும் கேட்டுப் பாருங்கோ, ஆர் ஆர் எண்டு பிரிக்கேலாது. ரெண்டு மூண்டு பேர்தான் மனசில நிக்கினம். மிச்சம் எண்ணிக்கைக்கு.

வாசன் அண்ணை, 7:23
குரல் ஒரு பக்கம். எனக்குப் பெரிய குறை வேற. ஆள் எட்டு, பொய் ஒண்டுதான். முதலாவது பெட்டைக்கும் அஞ்சாவது பெட்டைக்கும் இடையில எங்களுக்குப் புதுசா என்ன தெரிய வந்தது? ஒண்டுமில்லை எண்டால் இடையில எவ்வளவு ஓடினாலும் கதை நிண்ட இடத்திலதான் நிக்கும்.
2022இல வந்த முதல் பாகத்தைப் பாரும். அதுவும் எட்டு எபிசோட்தான். நிலா காணாமல் போறாள். முதல்ல கடத்தல் எண்டு நினைக்கிறம். பிறகு பொடியனோட ஓடிப்போனாள் எண்டு நினைக்கிறம். பிறகு ரெண்டு பேரும் உயிரோட இல்லை. ஆள் அதே ஆள், கேள்வி மூண்டு தரம் மாறுது. பக்கத்தில மயானக் கொள்ளைத் திருவிழா நாள் நாளா நடந்துகொண்டு போகுது, அதால எத்தினை நாள் போச்சுது எண்டு ஒருத்தரும் வாயால சொல்லத் தேவையில்லை.

சிவம் மாமா, 7:24
ஆற்றையோ ஆடு ரண்டு எங்கட மதில் பக்கம் நிக்குது. முருங்கை முழுக்கத் திண்டு முடிக்கப் போகுது. ஆர் வீட்டு ஆடு?

நிரோ, 7:25
கடைசி வீட்டு ஆடு மாமா. சொல்லிவிடுறன்.

தர்சன், 7:27
அப்ப ஒவ்வொரு எபிசோட் கடைசியிலயும் ஒரு திருப்பம் வச்சால் காணுமோ அண்ணை?

வாசன் அண்ணை, 7:31
காணாது. கதவு தட்டுற சத்தம், ரத்தம், போன் அடிக்கிறது, உதெல்லாம் ஆரும் வைக்கலாம். அடுத்த எபிசோட் தொடங்கி ஒரு நிமிசத்தில ‘அட, பக்கத்து வீட்டுக்காரர்’ எண்டு முடிச்சால் பாக்கிறவன் ஏமாந்த மாதிரி. ரெண்டு தரம் ஏமாத்தினால் மூண்டாந்தரம் நம்பமாட்டான்.
‘அடொலசென்ஸ்’ பாத்தனீரோ? நெற்பிளிக்ஸில, 2025 மார்ச், நாலே நாலு எபிசோட். 13 வயசுப் பொடியன் ஜேமியைக் கொலைக்குப் பிடிக்கினம். செய்தானோ இல்லையோ எண்டு நாலு எபிசோட்டும் இழுக்கலாம், ஆனா முதலாம் எபிசோட் கடைசியில சிசிரிவி வீடியோவைத் தேப்பன் முன்னாலயே போட்டுக் காட்டிப்போடுறாங்கள். ‘ஆர்’ எண்ட கேள்வி செத்துப் போச்சு. மிச்சம் மூண்டும் ‘ஏன்’. திருப்பம் எண்டு நான் சொல்லுறது இதைத்தான். கேள்வியே மாறோணும்.

ரதி அக்கா, 7:35
மூண்டாம் எபிசோட்டை எழுதுறவை எல்லாரும் ரெண்டு தரம் பாக்கோணும். ஒரு அறை, ஒரு மேசை, உளவியலாளர் ஒரு பொம்பிளை, பொடியன். அவ்வளவுதான். அவ சொக்லேற் பானம் கொண்டு வாறா, மேல மாஷ்மலோ போட்டு. தன்ர சாண்ட்விச்சில பாதியைக் குடுக்கிறா. ‘பிக்கிள் எனக்குப் பிடிக்காது’ எண்டுறான். பிறகு கதை நடக்க நடக்க ஒரு கடி கடிக்கிறான். கோபம் வந்து பானத்தைத் தட்டி ஊத்துறான். அவன் போன பிறகு, கடிச்சு வச்ச அந்தச் சாண்ட்விச்சை அவ பாக்கிற பார்வையைப் பாருங்கோ. வசனமே இல்லை. தொடக்கத்தில அன்பாக் குடுத்த சாமான், முடிவில கையால தொடேலாத சாமான்.

நிரோ, 7:39
அதில ஒரு எபிசோட்டிலயும் வெட்டு இல்லை. ஒரே எடுப்பு. ஒரு எபிசோட்டுக்கு மூண்டு கிழமை எடுத்திருக்கினம்: நடிகருக்கு ஒத்திகை ஒரு கிழமை, கமராவோட ஒத்திகை ஒரு கிழமை, மூண்டாவது கிழமை எடுக்கிறது, நாளுக்கு ரெண்டு தரம்.
எழுதுறவருக்கு இதில பெரிய வில்லங்கம் இருக்கு. வெட்டு இல்லாட்டி ‘அடுத்த அறை’ எண்டு எழுதிவிட ஏலாது, நடந்து போற நேரத்தையும் எழுதோணும். பள்ளிக்கூட எபிசோட்டில அவ்வளவு படிக்கட்டு, நடைபாதை. ஒவ்வொண்டிலயும் ஆரோ எதையோ கதைச்சுக்கொண்டு போகினம். தம்பி, நீங்கள் கட்டாயம் வெட்டித்தான் எடுக்கோணும், ஆசைப்படாதேங்கோ. காத்துக் காலத்தில வெளியில ஒரு வசனம் பிழைச்சால் முழுக்கத் திரும்ப.

தர்சன், 7:41
வெட்டுறம் வெட்டுறம். 20 நிமிசத்துக்கு எத்தினை காட்சி?

நிரோ, 7:46
பத்துக்கும் பன்ரெண்டுக்கும் இடையில. ஒரு காட்சி ஒண்டரை நிமிசம், ரெண்டு நிமிசம். ஒரே ஒரு காட்சிக்கு மட்டும் நாலு நிமிசம் விடுங்கோ, அந்த எபிசோட்டில எது முக்கியமோ அதுக்கு. முன்கதை 30 செக்கனுக்கு மேல வேண்டாம்.
பக்கக் கணக்கு நம்பாதேங்கோ. ஒரு பக்கம் ஒரு நிமிசம் எண்டுறது இங்கிலீசில அவையின்ர எழுத்து அளவுக்கு வச்ச கணக்கு. தமிழில கையால எழுதினதுக்கு அது சரிவராது. போனில நேரம் வச்சு, ரெண்டு பேர் எதிர் எதிரா இருந்து வாசிச்சுப் பாருங்கோ. வாசிப்பில 15 நிமிசம் வந்தால் படத்தில 20 வரும். ஏன் எண்டால் நடக்கிறது, பாக்கிறது, கதவு திறக்கிறது ஒண்டும் வாசிப்பில வராது.

ரதி அக்கா, 7:48
காட்சியைப் பிந்தித் தொடங்கி முந்தி முடியுங்கோ. ‘வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடிக்கிறியளோ’ எண்டு தொடங்கின காட்சி எல்லாத்திலயும் முதல் நாலு வரியை வெட்டலாம். தேத்தண்ணியில நஞ்சு இருந்தால் மட்டும் விடுங்கோ.

வாசன் அண்ணை, 7:54
காட்சி எண்ணுறதுக்கு முதல் ஒரு கட்டம் கீறும் தம்பி. குறுக்கால ஆறு எபிசோட். நெடுக்கால ஆள்: பாக்கிறவர், துப்பறியிறவர், குடும்பம், செய்தவர். ஒவ்வொரு கட்டத்திலயும் ‘இந்த எபிசோட் முடிய இவருக்கு என்ன தெரியும்’ எண்டு ஒரு வரி. ஒரு எபிசோட்டில நாலு கட்டமும் மாறாமல் கிடந்தால் அந்த எபிசோட்டே தேவையில்லை, பக்கத்து எபிசோட்டோட சேர்த்துப்போடும்.
பாக்கிறவருக்கு எப்பவும் குறைவாத்தான் தெரியோணும் எண்டில்லை. ‘அயலி’ பாரும், ஸீ5இல, 2023. வயசுக்கு வந்தால் பள்ளிக்கூடத்தை நிப்பாட்டிப்போடுற ஊர். தமிழ்ச்செல்வி வயசுக்கு வந்ததை மறைச்சு மறைச்சுப் பள்ளிக்கூடம் போறாள். எங்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. கொலையும் இல்லை, பொலிசும் இல்லை, ஆனா துணி தோய்க்கிற காட்சியிலகூட நெஞ்சு அடிக்குது.

தர்சன், 7:57
எங்கட கதையில ஒரு காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம், கள்ள உறுதி. அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டதிலதான் நிக்கிறம். இப்ப எழுதியிருக்கிறது, கதையில வாற குடும்பத்து மகளுக்கு ஆரோ பேர் தெரியாத ஆள் போன் எடுத்துச் சொல்லுறார்.

ரதி அக்கா, 7:58
ஐயோ, வேண்டாம்.

வாசன் அண்ணை, 8:03
போன் எடுத்துச் சொன்னால் மகள் என்னத்துக்குக் கதையில? ‘கேரளா கிரைம் ஃபைல்ஸ்’ எண்ட மலையாளத் தொடரின்ர முதல் பாகத்தில ஒரு லொட்ஜில கொலை. பொலிசிட்டை இருக்கிறது லொட்ஜ் கொப்பியில எழுதின ஒரு வரிதான்: ஷிஜு, பாறயில் வீடு, நீண்டகர. விலாசம் பொய். ஆறு எபிசோட்டும் அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கொண்டுதான் போகுது. ஏன் பிடிக்குது? பொய் சொல்லுறவனும் ஒண்டும் இல்லாததில இருந்து பொய் சொல்லமாட்டான், எங்கயோ ஒரு நூல் அவனோட ஒட்டிக்கொண்டிருக்கும். உம்மட உறுதியிலயும் அப்பிடி ஒரு வரி இருக்கோணும்.

சிவம் மாமா, 8:09
உறுதி எண்ட உடனதான் வாறன். உறுதி எழுதுற நொத்தாரிசுக்கு முன்னால ரெண்டு சாட்சி கையெழுத்து வைக்கோணும், 1840ஆம் ஆண்டுச் சட்டத்தில இருந்து அப்பிடித்தான். படி மூண்டு. ஒண்டு வாங்கினவரிட்டை, ஒண்டு நொத்தாரிசிட்டை, ஒண்டு காணிப் பதிவகத்துக்குப் போகும். ஒரு படியில அழிச்சு எழுதினாலும் மற்ற ரெண்டும் கதைக்கும்.

ரதி அக்கா, 8:11
மூண்டு படி. தர்சன், உமக்கு மாமா மூண்டு காட்சி எழுதித் தந்திட்டார்.

வாசன் அண்ணை, 8:18
சாட்சிக்காரரில ஒருத்தர் உறுதி முடிக்கிறதுக்கு முதலே செத்திட்டார் எண்டு வையும். அதை ஆரும் வாயால சொல்லக்கூடாது. எங்கட ஊரில அதுக்குச் சாமான் இருக்குத்தானே, செத்து 31ஆம் நாளுக்கு அச்சடிக்கிற நினைவுப் புத்தகம், கல்வெட்டு. அதில செத்த நாளைச் சொல்லுற திதி வெண்பா இருக்கும். ‘பிலவ ஆண்டு ஆவணி’ எண்டு வெண்பாவில வரட்டும். அது 2021 ஆவணி. உறுதியில திகதி 2022 மே. வருசப் பேரை இங்கிலீசு ஆண்டுக்கு மாத்தத் தெரிஞ்சவன்தான் பிடிப்பான். தெரிஞ்ச ஆள் மகளின்ர அம்மம்மா எண்டால் இன்னும் வடிவு.
முதல் எபிசோட்டில அம்மம்மா வெண்பாவைச் சத்தமா வாசிக்கட்டும், ஆனா காட்சி வேற எதுக்கோ நடக்கோணும், படத்துக்குப் பூ மாத்துறதோ என்னவோ. மூண்டாம் எபிசோட்டில உறுதியில கையெழுத்தை மட்டும் காட்டும், திகதியை விரலால மறைச்சு. அஞ்சில ரெண்டும் ஒரே மேசைக்கு வரட்டும். ஒரு துப்பை மூண்டு தரம் காட்டலாம், ஆனா மூண்டு தரமும் வேற வேற காரணத்துக்கு. ஒரே தரம் காட்டினால் ஆருக்கும் ஞாபகம் நிக்காது. மூண்டு தரமும் கமரா கிட்டப் போனால் ரெண்டாம் எபிசோட்டிலயே கொமென்ற்ஸில விடையை எழுதிப்போடுவாங்கள்.

நிரோ, 8:20
வெண்பா வாசிக்கிற இடத்தில பின்னணி இசை போடாதேங்கோ. இசை கேட்டாலே ‘ஓ, இது முக்கியம்’ எண்டு தெரிஞ்சிடும்.

தர்சன், 8:23
சொல்லி வேலையில்லை அண்ணை! இன்னொண்டு. எங்கட பேச்சிலதான் எழுதியிருக்கிறம். இந்தியாவில பாக்கிறவைக்கு விளங்காது எண்டு ஒருத்தர் சொல்லுறார், மாத்தச் சொல்லி.

ரதி அக்கா, 8:28
மாத்தாதேங்கோ. ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டாஞ்சரின்ஸ்’ எண்டு கொரியத் தொடர் ஒண்டு, 16 எபிசோட், கிழமைக்கு நாலா வந்தது. அதின்ர கொரியத் தலைப்பே ஜெஜு தீவுப் பேச்சு. சியோல்காரருக்கே நேராப் பிடிபடாத தலைப்பை வச்சு உலகம் முழுக்க ஓட்டினவை.
வழி இருக்கு. சொல்லை எழுதேக்க சாமானையும் கையில குடுங்கோ. ‘கதிரையில இரும்’ எண்டால் கதிரையை இழுத்துப் போடட்டும். ‘கெதியா வா’ எண்டால் முன்னால போறவர் திரும்பிக் கையைக் காட்டட்டும். அதோட, எல்லாரையும் ஒரே மாதிரிக் கதைக்க விடாதேங்கோ. நொத்தாரிசு எழுத்துத் தமிழ் கலந்து கதைப்பார், அம்மம்மா ‘மோனை’ எண்டு கூப்பிடுவா, வெளிநாட்டில இருந்து வந்த மாமன் ரெண்டு சொல்லுக்கு ஒருக்கால் தடக்குப்படுவார்.

சிவம் மாமா, 8:34
ஒரு சிக்கல் இருக்கு தம்பி. நொத்தாரிசுக்கு உறுதி எழுதிக் குடுக்கிறவரைத் தெரிஞ்சிருக்கோணும், இல்லாட்டி அவரைத் தெரிஞ்ச சாட்சிக்காரரைத் தெரிஞ்சிருக்கோணும். செத்த மனிசன்ர பேரில கையெழுத்து இருக்கெண்டால் ரெண்டில ஒண்டு. நொத்தாரிசும் கூட்டு, இல்லாட்டிச் செத்தவர் மாதிரி வேற ஒருத்தன் வந்து இருந்திருக்கிறான்.

ரதி அக்கா, 8:35
மாமா, அது சிக்கலில்லை! அதுதான் தம்பியின்ர நாலாம் எபிசோட்.

வாசன் அண்ணை, 8:38
ஓம். ‘உறுதி கள்ளமோ’ எண்ட கேள்வி போய் ‘அந்தக் கதிரையில வந்து இருந்தவன் ஆர்’ எண்டு மாறுது. ஆனா அப்ப வெண்பாவும் திகதியும் நாலுக்கு முன்னால சந்திக்கோணும். அஞ்சில வச்சதை மூண்டின்ர கடைசிக்குக் கொண்டு வாரும். விரலை எடுத்தால் 2022 மே. அதோட மூண்டு முடியட்டும்.

தர்சன், 8:41
அப்ப அஞ்சில என்ன வாறது அண்ணை?

சிவம் மாமா, 8:44
பதிவகத்துப் படி. அதிலயும் அதே கையெழுத்துத்தான் இருக்கும், ஏன் எண்டால் மூண்டிலயும் ஒரே நாள்தான் வைக்கிறது. ஆனா ரெண்டாவது சாட்சி ஒருத்தர் இருக்கிறாரெல்லே. அவர் உயிரோடதானே இருக்கிறார், ஆர் பக்கத்தில இருந்து கையெழுத்து வச்சவர் எண்டு அவருக்குத் தெரியும். அவரைப் போய்க் கேட்கச் சொல்லும்.

தர்சன், 8:46
கட்டத்தில ரெண்டாவது சாட்சிக்கு வரியே இல்லை மாமா. இப்பவே கீறுறன்.