கூத்துப் பதிவில் நெட்டுக்குத்தாக ஒரு வெள்ளைத் தூண்: லென்ஸ் கோளாறா?

செய்யாற்றுக்காரன்:
அப்பா முப்பது வருடமாகத் துரியோதனன் வேடம் கட்டுகிறவர். வருகிற ஆனியில் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் கூத்தோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்கிறார். அந்த இரவை முழுவதும் பதிவு செய்யத்தான், சின்ன டேப் போடுகிற பழைய கேம்கார்டர் ஒன்றை வாங்கினேன். வெளிச்சத்தைப் படமாக்கும் சிசிடி என்ற சில்லு மூன்று உள்ளது.

போன வாரம் பக்கத்து ஊரில் ஆடினார். பழகிக்கொள்ளலாம் என்று எடுத்துச் சென்றேன். திரை விலகி அவர் வெளியே வந்ததும், மேலே மூங்கிலில் கட்டியிருந்த ஹாலஜன் விளக்கிலிருந்து ஒரு வெள்ளைத் தூண் கிளம்பி, படத்தின் உச்சி முதல் அடி வரை கிரீடத்தையும் முகத்தையும் பிளந்துகொண்டு நின்றது. அவர் தலையை ஆட்டும்போது கிரீடத்துக் கண்ணாடிச் சில்லுகள்கூட மயிரிழை போன்ற கோடுகளைச் சிந்தின. விற்றவரோ லென்ஸில் பூஞ்சை, துடைக்கக் கொடு என்கிறார். கொடுக்கலாமா?

மூன்றாம்கண்:
முன்னால் யு.வி. ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிப் பாருங்கள்.

செய்யாற்றுக்காரன்:
கழற்றியும் பார்த்துவிட்டேன். தூண் அசையவில்லை.

பந்தல்வீடியோ:
தம்பி, காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள். பூஞ்சை படத்தை மங்கலாக்கும், தூண் எழுப்பாது. கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். எவ்வளவு சாய்த்தாலும் கோடு படச்சட்டத்துக்கு நேராகவே நின்றால் அது சிசிடியின் வேலை.

ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று குடம் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சிசிடியும் ஒவ்வொரு புள்ளியில் சேர்ந்த மின்னூட்டத்தை அப்படித்தான் ஒரே நெடுவரிசையில் கீழே தள்ளித் தள்ளி வெளியே எடுக்கிறது. வழியில் ஓர் ஒழுகல் குழாய் இருந்தால் கடக்கிற குடத்திலெல்லாம் கொஞ்சம் தண்ணீர் விழும் அல்லவா? அந்தக் குழாய்தான் உங்கள் ஹாலஜன். அதனால்தான் விளக்குக்கு மேலும் கீழும் ஒரே கோடு.

ஒன்று கேட்கிறேன்: ஆட்டம் வேகமானது என்று ஸ்போர்ட்ஸ் மோடில் வைத்தீர்களா?

செய்யாற்றுக்காரன்:
ஆமாம் அண்ணா. ஷட்டர் நேரம் 1/500 நொடி என்று காட்டியது.

பந்தல்வீடியோ:
நினைத்தேன். ஒழுகல், குடம் நகர்கிற நேரத்தில் விழுவது. ஷட்டருக்கு அது கட்டுப்படாது. 1/50-லிருந்து 1/500-க்குப் போனால் படத்துக்கு வரும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகிறது, ஒழுகல் மட்டும் அப்படியே இருக்கிறது. முகம் தெரிய ஐரிஸை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, அகலத் திறந்தால் தூணும் சேர்ந்து தடிக்கும். 1/50-லேயே பூட்டிவிடுங்கள். சுழன்று ஆடும்போது கை கொஞ்சம் இழுபடும், கூத்துக்கு அது அழகுதான். வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. ஃபில்டர் படம், தூண் இரண்டையும் ஒரே அளவு குறைக்கும் என்பதால் இரவில் வீண்செலவு.

அதைவிட முக்கியம், விளக்கைச் சட்டத்துக்குள் விடாமலிருப்பது. கம்பத்தை உயர்த்தச் சொல்லுங்கள், அல்லது கேமராவுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கச் சொல்லுங்கள். டேப்பில் ஒருமுறை விழுந்த தூணை எடிட்டிங்கில் சுத்தமாக எடுக்க முடியாது. ஒரு முகூர்த்தத்தில் தாலி கட்டும் காட்சியையே அப்படித் தொலைத்தவன் நான்.

மூன்றாம்கண்:
எதற்கு இந்தப் பாடு? செல்போனில் இருப்பது சிமாஸ் என்ற வேறு வகைச் சென்சார், தூணே வராது.

பந்தல்வீடியோ:
வராது. ஆனால் யாராவது ஃபிளாஷ் அடித்தால் பாதிப் படம் வெளுக்கும், எல்இடி சீரியல் விளக்கில் பட்டை பட்டையாக ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன. அங்கேயும் 1/50 அல்லது 1/100 தான் கை கொடுக்கும்.

செய்யாற்றுக்காரன்:
வீட்டில் குண்டு பல்பை வைத்து 1/50-ல் பார்த்தேன். தூண் நூலாக இளைத்துவிட்டது. ஹாலஜனைத் தள்ளிக் கட்டக் கூத்து வாத்தியாரும் சம்மதித்துவிட்டார். அந்த வெளிச்சத்தில் எதிரே பீமன் நிற்பதே தெரியாது என்று அப்பா இப்போதுதான் சொல்கிறார்! இனி ஒரு கவலைதான்: ஒரு டேப் 60 நிமிடம். இரவு பத்திலிருந்து விடியும்வரை எட்டாவது வேண்டும். புது டேப் எங்கே கிடைக்கும் அண்ணா?