பதில்: ‘கோஸி மிஸ்டரி’யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாம் மொழிபெயர்க்கும் நாவல் ‘கோஸி மிஸ்டரி’ வகை, அதாவது கொலை இருந்தாலும் பயங்கரம் காட்டாத துப்பறியும் கதை. அந்த வகைக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் மடல்களில் ஒரு நண்பரின் யோசனை இது:

> ‘இதமான மர்மம்’ என்றே வைத்துவிடலாம். அகராதிப் பொருளுக்கும் நெருக்கம்.

நெருக்கம்தான், ஐயா. ஆனால் நாவலின் பின்னட்டையில் அதை அச்சிட்டுப் பாருங்கள், மூட்டுவலித் தைலத்தின் விளம்பரம் போல இருக்கும். அதற்கு முந்தைய மடலில் வந்த ‘கதகதப்பு மர்ம’த்தை நான் மேற்கு மாம்பலத்தில், மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்ட பிற்பகலில் படித்தேன். ‘கோஸி’ குளிர்நாட்டுச் சொல். தேநீர்க் கூஜா ஆறிவிடாமலிருக்க அங்கே போர்த்திவைக்கும் உறைக்கும் அதே பெயர்தான். சென்னைக்காரனுக்கு உடம்பு கதகதவென்றிருந்தால் கை பாராசிட்டமாலைத் தேடும்.

படிப்பவருக்கு என்ன உணர்வு வருகிறது என்பதை விட்டுவிட்டு, இந்த வகைக் கதை எதைக்கொண்டு ஓடுகிறது என்று பார்க்கலாமே. கொலை உண்டு, ஆனால் அது திரைமறைவில் முடிந்துவிடும். துப்பறிபவருக்குக் காக்கிச் சட்டை கிடையாது. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். 1930இல் முதல் முறையாக நாவலில் வந்த அந்த முதிய பெண்மணியிடம் இருந்த ஒரே ஆய்வகம் அவருடைய கிராமம். ‘எங்கள் ஊரிலும் ஒருவன் இப்படித்தான் செய்தான்’ என்று ஒப்பிட்டே குற்றவாளியை நெருங்கிவிடுவார். ஊர்ப்பேச்சுதான் இயந்திரம்.

நாம் மொழிபெயர்க்கும் நாவலின் நாயகி சிற்றூர் வார இதழொன்றின் நிருபர் என்பதும் தற்செயல் இல்லை. யார் யாரோடு பேசுவதில்லை என்பது நிருபருக்குத் தெரியும். நானும் ஒரு நாளிதழில் சில ஆண்டுகள் ‘கண்ணீர் அஞ்சலி’ விளம்பரங்களுக்குப் பிழை திருத்தியிருக்கிறேன். இறந்தவரின் படத்துக்குக் கீழே மகன்கள், மகள்கள், மருமகன்கள் என்று வரிசையாக வரும். ஒருநாள் மூத்த மகனின் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு ஒருவர் தாளை நீட்டினார். ‘பெயர் விட்டுப்போயிருக்கிறதே’ என்றேன். ‘விட்டுப்போகவில்லை, சார்’ என்றார். அந்தக் குடும்பத்தின் பாகப்பிரிவினை வழக்கு முழுவதும் எனக்கு அந்த ஒரு கோட்டில் விளங்கிவிட்டது. கோஸி நாவலாசிரியர் அங்கிருந்துதான் முதல் அத்தியாயத்தைத் தொடங்குவார்.

ஆகவே என் பரிந்துரை: திண்ணை மர்மம்.

> சென்னையில் திண்ணை எங்கே இருக்கிறது?

இப்படி ஒரு கேள்வி வரும் என்று தெரியும், நானே கேட்டுவிடுகிறேன். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் சில பழைய வீடுகளில் மிச்சம் இருக்கிறது, பாதிக்குக் கம்பிக் கதவு போட்டுவிட்டார்கள். வீட்டில் போனாலும் சொல்லில் இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடம் மறைந்து பல காலமாயிற்று, சொல் போகவில்லை. தேர்தல் வந்தால் கட்சிகள் இன்றும் ‘திண்ணைப் பிரசாரம்’ செய்வதாகத்தான் செய்தி வருகிறது, அவர்கள் உட்காருவது பிளாஸ்டிக் நாற்காலியில் என்றாலும்.

‘மர்மம்’ வடசொல், ‘துப்பு’ இருக்கும்போது அது எதற்கு என்று கோவை அம்மையார் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் ‘துப்பு’ தனித்து நிற்கும்போது பல பக்கம் இழுக்கும். குறளில் அது உணவு, வசவில் அது திறமை (‘துப்புக் கெட்டவன்’), தெருவில் அது எச்சில். அம்மையார் முன்மொழிந்த ‘மென்துப்பு’ என்ற சொல்லைச் சத்தமாக ஒருமுறை சொல்லிப் பார்த்தால் நான் ஏன் தயங்குகிறேன் என்பது புரியும். மர்மத்தைத் தமிழில் உயிரோடு வைத்திருப்பவர்களே நிருபர்கள்தாம்: மர்ம நபர்கள், மர்மக் காய்ச்சல், மர்மமான முறையில் இறந்து கிடந்தார். நிருபரைப் பற்றிய நாவலுக்கு நிருபரின் சொல் பொருந்தும். தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் ‘திண்ணைப் புதிர்’ இருக்கிறது, ஆனால் அது குறுக்கெழுத்துப் பக்கத்தின் தலைப்பாகத் தோன்றும்.

சொல்லுக்கு ஒரு சோதனை: எதை உள்ளே விடுகிறது, எதை வெளியே நிறுத்துகிறது? எழுத்தாளர் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ கதைகளில் சிரிப்பு உண்டு, பயங்கரம் இல்லை. ‘இதமான மர்மம்’ என்றால் சாம்பு உள்ளே வந்துவிடுவார். ஆனால் அவருக்கு வெற்றி தேடித்தருவது குருட்டு அதிர்ஷ்டம், ஊரைப் பற்றிய அறிவு இல்லை. திண்ணை மர்மம் அவரை மரியாதையோடு வாசலில் நிறுத்தும். அது சரி என்றுதான் எனக்குப் படுகிறது, மறுப்பவர்கள் எழுதுங்கள். திண்ணை மர்மத் தொடர், திண்ணை மர்ம எழுத்தாளர் என்று ஒட்டுச்சொற்களும் தடங்கலின்றி வருகின்றன.

‘அமெச்சூர் ஸ்லூத்’துக்கு நம் கலைச்சொல் பட்டியலில் இருக்கும் ‘தொழில்முறை சாராத் துப்பறிவாளர்’ வேண்டாமே. அதைச் சொல்லி முடிப்பதற்குள் கொலையாளி பஸ் ஏறிவிடுவான். ‘ஊர்த் துப்பாளர்’ போதும். இங்கே ‘துப்பு’க்கு ‘ஆளர்’ துணை இருப்பதால் எச்சில் பயம் இல்லை.

இன்னொன்று, அவசரம். நான்காம் அத்தியாய வரைவில் ‘ரெட் ஹெரிங்’ என்பதை, அதாவது வாசகரைத் திசைதிருப்பும் பொய்த் தடயத்தை, யாரோ ‘செந்நிற மீன்’ என்று போட்டிருக்கிறார்கள். அந்தக் காட்சி மீன் கடையில் நடக்கவில்லை. ‘போலித் துப்பு’ என்று திருத்திவிட்டேன். வேறு எங்காவது அந்த மீன் நீந்திக்கொண்டிருந்தால் பக்க எண்ணைத் தெரிவியுங்கள்.

அன்புடன்,
மாம்பலத்திலிருந்து