நார்த்தாமலை முதல் கொடும்பாளூர் வரை: கண்மாய்ச் சீமையில் கண்டதும் கேட்டதும்

கரைநடை எழுதியது:

புதுக்கோட்டைப் பக்கம் பழங்கோயில்களைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் காரில் வந்து, படமெடுத்து, அடுத்த இடத்துக்குப் புறப்பட்டுவிடுவார்கள். நானும் இரண்டு முறை அப்படித்தான் வந்து போயிருக்கிறேன். கடந்த தை மாதம் மூன்றாம் முறையாகச் சென்றபோதுதான் இடையில் கிடக்கும் கண்மாய்களை, அதாவது பாசன ஏரிகளை, கவனித்தேன். அதற்குக் காரணமாக இருந்தவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.

நகரத்திலிருந்து திருச்சி செல்லும் சாலையில் சுமார் 17 கி.மீ. தொலைவில் உள்ள நார்த்தாமலைக்குக் காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். குளத்தோரமாக நடந்து மேலமலையின் வெறும் பாறைச் சரிவில் ஏறினால், கால் மணி நேரத்துக்குள் விசயாலய சோழீச்சரம் கண்ணில் படுகிறது. வெளியிலிருந்து பார்க்கச் சதுரமாகத் தெரியும் கோயிலின் கருவறை உள்ளே வட்டமாக இருப்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். என்னை அதிகம் நிறுத்தி வைத்தது அங்குள்ள கல்வெட்டுதான். சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி (கற்கோயில்) மழை இடித்து அழிந்து போக, மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தார் என்று அது சொல்கிறது. மழைக்காக ஏங்கும் ஒரு சீமையில், கட்டி முடித்த கோயிலை மழையே இடித்த செய்தியைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

கோயிலுக்கு எதிரே உள்ள சமணர் குடகு, பெயர் சொல்வதுபோலச் சமணர்களிடமிருந்து பின்னர் திருமாலுக்கு மாறிய குடைவரை. ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்ததுபோல் நிற்கும் பன்னிரண்டு திருமால் உருவங்களும், முன்மண்டப அடித்தளத்தில் வரிசையாகச் செல்லும் யானைகளும் யாளிகளும் ஒரு மணி நேரத்தை எளிதாக எடுத்துக்கொள்ளும். அங்கிருந்து கீழே பார்த்தபோது தகடு தகடாக நீர் மின்னியது.

இறங்கி வந்து, சித்தன்னவாசல் போகும் வழியில் ஒரு கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தினேன். கரையிலிருந்து சற்று உள்ளே, நீருக்கு நடுவே இரண்டு கல்தூண்கள் நின்றன. அவற்றை இணைத்துக் குறுக்கே பலகைக் கற்கள் இருந்தன. ஏதோ இடிந்த மண்டபத்தின் மிச்சம் என்று நினைத்துப் படமெடுத்தேன். அருகில் நின்ற பெரியவர், “மண்டபம் இல்ல தம்பி, அதுதான் குமிழி. எங்க வயலுக்குத் தண்ணி அது வழியாத்தான் வந்துச்சு” என்றார்.

பிறகு கரையில் குத்துக்காலிட்டு அமர்ந்து, கையிலிருந்த குச்சியால் மண்ணில் கோடு போட்டு விளக்கினார். தூண்களுக்குக் கீழே, கண்மாயின் தரையில் ஒரு கல்தொட்டி இருக்கிறது. அதன் மேல்மூடியில் உள்ள பெரிய துளை நீரோடித் துளை. அடியில், தரையோடு ஒட்டி இருப்பவை சேறோடித் துளைகள். மேல் துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் நீர் தொட்டிக்குள் பாய்ந்து, கரைக்கு அடியில் செல்லும் சுருங்கை என்ற மூடிய கால்வாய் வழியாக வெளியேறும். அந்த வேகத்தில் அடித்துளைகள் வழியே வண்டலும் கலங்கி வயலுக்குப் போய்விடும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது ஒருவர் நீந்திப் போய்த்தான் அடைப்பைத் தூக்க வேண்டும் என்றார். கரையை வெட்டித் திறக்காமல் உள்ளேயிருந்தே நீரை விடுவதால் கரைக்கு ஆபத்தில்லை. ஓரளவு வண்டலும் வருடந்தோறும் தானாகவே வெளியேறிவிடும்.

இந்த மாவட்டத்தில் குமிழித் தூம்பு எனப்படும் இத்தகைய மதகுகளின் தூண்கள் பலவற்றில் கல்வெட்டுகளே உள்ளன. தூம்பு செய்வித்தவரின் பெயரைக் கோயில் எடுப்பித்தவரின் பெயரைப் போலவே பொறித்திருக்கிறார்கள். நான் பார்த்த தூணில் எழுத்து இருந்ததா என்று தெரிந்துகொள்ள நீந்திப் போகும் துணிவு எனக்கு இல்லை. பெரியவர் சிரித்துக்கொண்டே, “சித்திரையில வாங்க, நடந்தே போயிறலாம்” என்றார்.

செங்கால் எழுதியது:

கரைநடை சொன்ன சித்திரைப் பயணத்தைச் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பாறை நிலம் என்பதால் நடுப்பகலில் சித்தன்னவாசல் மலையில் ஏறுவது முட்டாள்தனம். நான் அதைத்தான் செய்தேன். பாறையின் விளிம்பை ஒட்டிக் கம்பி வேலியுடன் செல்லும் ஒடுங்கிய பாதையில் ஏழடிப்பட்டம் வரை போவதற்குள் கொண்டுபோன ஒரே தண்ணீர்ப் போத்தல் காலியாகிவிட்டது. ஆனால் குகைக்குள் நுழைந்ததும் அடித்த குளிர்ச்சி வேறு. வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட பதினேழு கற்படுக்கைகளும், அவற்றில் ஒன்றின் ஓரத்தில் உள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகளும், தலையணைபோல் சற்று உயர்த்திச் செதுக்கிய தலைமாடுகளும் அங்கே இருக்கின்றன. பல நூற்றாண்டுகளாக வெறும் உடல்கள் உராய்ந்த கல்லில் உள்ளங்கையை வைத்தால் கண்ணாடியைத் தொடுவதுபோல் இருக்கிறது.

மலையின் மறுபக்கம் உள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. பாண்டிய மன்னன் சீமாறன் சீவல்லபன் (815–862) காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. நிறம் நிறைய உதிர்ந்துவிட்டது. ஆனாலும் மீன்களும் பறவைகளும் யானைகளும் எருமைகளும் நிறைந்த நீரில் இறங்கித் தாமரை பறிக்கும் மனிதர்களை இன்றும் பிரித்தறிய முடிகிறது. அன்று வெளியே ஒரு சொட்டு நீர் இல்லை. பக்கத்து ஊரில் வற்றிய கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடந்து முடிந்து, சேற்றில் ஆயிரக்கணக்கான கால்தடங்களும், யாரோ விட்டுப்போன ஊத்தா என்ற உடைந்த மீன்பிடி கூடை ஒன்றும் கிடந்தன.

அதே ஆண்டு மார்கழியில் மீண்டும் போனேன். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து, ஒரு கண்மாயில் உபரிநீர் வெளியேறும் கலிங்கு வழிந்து மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. இடுப்பளவு நீரில் நின்ற ஒருவர் தாமரைத் தண்டுகளை ஒடித்து இடது தோளில் சாய்த்துக்கொண்டே நகர்ந்தார். சிறிது தொலைவில் எருமைகள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக் கிடந்தன; நீர்க்காகங்கள் பட்டுப்போன கருவேல மரத்தில் சிறகை உலர்த்தின. காலையில் விதானத்தில் பார்த்ததையே மாலையில் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஓவியரைக் கற்பனைக் குளம் தீட்டியவர் என்று எழுதுபவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை.

ஏந்தல் எழுதியது:

திருமயம் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டையின் உச்சியில் பீரங்கி இருக்கிறது, கீழே சிவனுக்கும் திருமாலுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள் இருக்கின்றன. மாலை நேரத்தில் மேலிருந்து பார்த்தால் சுற்றிலும் நீர்நிலைகள். கோட்டைச் சுவர்களில் பெயர் கிறுக்கியவர்களின் கையை என்ன செய்யலாம் என்று தெரியவில்லை.

மடைத்தலை எழுதியது:

எனக்கு இந்த வட்டாரத்தில் மிகவும் பிடித்தது கொடும்பாளூர். இவ்வூரை ஆண்ட குறுநிலத் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் கற்றளி, வரகுணை என்ற தன் தேவியர் இருவரின் பெயராலும் எடுப்பித்த மூவர் கோயிலின் மூன்று தளிகளில் (கோயில்களில்) இரண்டு மட்டுமே நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளத்தைச் சுற்றி நடந்தால் விமானம் எவ்வளவு உயர்ந்திருக்கும் என்று மனம் தானாகவே அளக்கத் தொடங்கிவிடுகிறது. ஆயினும் நான் அங்கே தேடிப் போனது கோயிலை அல்ல. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் வழியைக் கூறும் மாமுது மறையோன், கொடும்பையின் நெடுங்குளத்தை அடைந்தால் பாதை சிவபெருமானின் சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்று சிலப்பதிகாரத்தில் சொல்கிறான். மூவர் கோயில் எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வூரின் அடையாளம் குளம்தான்.

கோயில் காவலரிடம் அந்தக் குளம் எது என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, “இங்க எல்லாமே குளந்தாங்க, எதைன்னு சொல்ல?” என்று திருப்பிக் கேட்டார். பிறகு எனக்காகவே வாயிலைப் பூட்டிவிட்டு, அரை மணி நேரம் ஒரு கரை வழியாக அழைத்துப்போனார். ஒருபுறம் சீமைக்கருவேலம் அடர்ந்து நீர்ப்பரப்பையே மறைத்திருந்தது; வரத்துக்கால் இருந்த இடத்தில் தைலமரங்கள் நின்றன. பனைமரங்கள் வரிசையாக நின்ற கரையின் மறுகோடியில் மட்டும் முழங்கால் ஆழத்துக்கு நீர் இருந்தது. அதில் நத்தைகுத்தி நாரைகள் ஏழோ எட்டோ, ஒவ்வோர் அடியாக எண்ணி வைத்து நடந்துகொண்டிருந்தன. இதுதான் அந்த நெடுங்குளம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை. கோயிலைப் பார்க்க வந்த ஒரு குடும்பம் பூட்டிய வாயிலில் காத்திருப்பது தொலைவிலிருந்தே தெரிந்ததும் இருவரும் வேகமாகத் திரும்பினோம்.